மேல் மாகாணத்தின் கொள்கை யார் கையில்? கொழும்புத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலை மேசையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் மூன்று நண்பர்களும் இருப்போம். படிவம் நிரப்பிக் கொடுப்பது, முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவது, சிங்களத்தில் வந்த கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வது எங்கள் வேலை. வருகிறவர்கள் கடிதத்தோடு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எழுத்தில் ஒரு பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொள்கை ஆய்வு என்பது படித்தவர்கள் பேசுகிற விஷயம். எனக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உங்கள் வீட்டுக்கு அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் வருகிறதா இல்லையா என்பதே ஒரு கொள்கைக் கேள்விதான். 1995 முதல் இருந்த சமுர்த்தி உதவியின் இடத்தில் 2023 இல் அஸ்வெசும வந்தது. யார் ஏழை என்பதை முடிவு செய்ய 22 அளவுகோல்கள் வைத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் அவை வருகின்றன. மின்சாரப் பாவனையும் அவற்றில் ஒன்று.

ஒரு அம்மா மின்கட்டணப் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தார். பட்டியலில் ஒரு பெயர், ஒரு மானி. அந்த மானியில் இருந்து வயர் இழுத்துப் பாவிப்பது மூன்று குடும்பங்கள். மாத முடிவில் பணத்தைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். தாளில் பார்த்தால் அது நிறைய மின்சாரம் பாவிக்கும் ஒரே வீடு. கொழும்புத் தோட்டங்களில், அதாவது நகரத்தின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாராவது முன்கூட்டியே பார்த்து எழுதியிருந்தால், அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு விதிவிலக்கும் எழுதப்பட்டிருக்கும். கொள்கை ஆய்வு என்று நான் சொல்வது அந்தப் பார்த்து எழுதும் வேலையைத்தான்.

மாகாணம் எதைச் செய்யும், மத்திய அரசு எதைச் செய்யும்?

1987 நவம்பரில் நிறைவேறிய, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது: மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல். முதலாவது மாகாணத்துக்கு, இரண்டாவது மத்திக்கு, மூன்றாவது இருவருக்கும் பொது. மாகாணப் பாடசாலைகளும் ஆதார வைத்தியசாலைகளும் மாகாண வீதிகளும் முதலாவதில் வரும். தேசியப் பாடசாலைகளும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் மத்தியின் கையில்.

கொழும்பில் இதற்குக் கீழே மாநகர சபையும் இருக்கிறது. குப்பை, உள் வீதி, வடிகால், மாநகர சபை மருந்தகம் எல்லாம் அதன் பொறுப்பு. ஒரே தெருவில் மூன்று ஆட்சிகள் இருப்பதால், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதே பாதி வேலை. பிள்ளையின் பாடசாலை தேசியப் பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்று முதலில் கேளுங்கள். கடிதம் மத்திய கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் போக வேண்டுமா, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போக வேண்டுமா என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டு மாநில அரசைப் போலத்தானே இதுவும்?

தொலைக்காட்சியில் சென்னைச் செய்தி பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். இல்லை, வித்தியாசம் பெரியது. தமிழ்நாட்டுக்குத் தன் வரி இருக்கிறது, தன் பொலிஸ் இருக்கிறது. தன் கொள்கையைத் தானே ஆராய 1971 இல் மாநிலத் திட்டக் குழுவைத் தொடங்கியது. அதே 1971 இல் பொருளியலாளர் மால்கம் ஆதிசேசையா சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். மாநிலப் பொருளாதாரத்தைப் பற்றிய ஆய்வு ஐம்பது வருடங்களுக்கு மேலாக அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது. நம் மாகாணங்களுக்கு 13 ஆவது திருத்தத்தின் தாளில் பொலிஸ் அதிகாரமும் காணி அதிகாரமும் உண்டு, நடைமுறையில் கைக்கு வரவில்லை. ஆய்வுக்கு என்று மாகாணத்துக்குச் சொந்தமான வலுவான அமைப்பும் உருவாகவில்லை.

மேல் மாகாண சபைக்கு ஏன் தேர்தல் வைப்பதில்லை?

கடைசியாக 2014 மார்ச்சில் வாக்களித்தோம். அந்தச் சபையின் ஐந்து வருடக் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. கிழக்கு, சப்ரகமுவ, வடமத்திய சபைகள் 2017 இலேயே முடிந்துவிட்டன. 2013 இல் முதன்முதலாகத் தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019 இல் ஊவாவும் முடிந்ததோடு ஒன்பது மாகாணங்களிலும் மக்கள் தெரிவுசெய்த சபை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

காரணம் ஒரு சட்டச் சிக்கல். 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி முறை, பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறைக்கு மாற்றினார்கள். அதற்குத் தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை சட்டப் புத்தகத்தில் இல்லை, புதிய முறைக்குத் தொகுதி எல்லை இல்லை. தேர்தல் அந்த இடைவெளிக்குள் விழுந்து கிடக்கிறது. பழைய முறையிலேயே நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தச் சட்டம் கொண்டுவந்தால் போதும். இத்தனை வருடங்களாக அது நடக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சபை இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறதுதானே? ஆளுநர் இருக்கிறாரே?

ஆசிரியருக்குச் சம்பளம் போகிறது, வைத்தியசாலை திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆளுநர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். பத்தரமுல்லையில் மாகாண சபைக் கட்டடம் இருக்கிறது. "என் பகுதிப் பாடசாலைக்குத் தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் ஏன் இல்லை?" என்று அங்கே எழுந்து நின்று கேட்க நாம் தெரிவுசெய்த ஆள் ஒருவரும் இல்லை. மேல் மாகாண சபையில் 104 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

சட்ட ரீதியாகவும் இழப்பு உண்டு. மாகாண நிரலில் உள்ள விடயத்தைத் தொடும் சட்டமூலத்தைச் சனாதிபதி எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 154எ உறுப்புரை சொல்கிறது. 2012 இல் சமுர்த்தி முதலிய அமைப்புகளை ஒன்றாக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அப்போது வடக்கில் சபை இருக்கவில்லை. ஆளுநர் தரும் கருத்து சபையின் கருத்துக்கு ஈடாகாது என்றும் சொன்னது. அன்று ஒரு மாகாணத்துக்கு இருந்த குறை இன்று ஒன்பதுக்கும் இருக்கிறது. ஒன்பது சபைகளும் வெறுமையாக இருக்கும்போது கருத்துக் கேட்க அனுப்பும் கடிதத்தை யார் திறப்பது?

மாகாணத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி மத்திய திறைசேரியிலிருந்து. எவ்வளவு, யாருக்கு என்று நிதி ஆணைக்குழு பரிந்துரை செய்யும். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் மூவர் என ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள். சம்பளம் முதலிய நாளாந்தச் செலவுக்கு ஒரு கொடை, அபிவிருத்திக்கு வேறு கொடை.

மேல் மாகாணம் மற்றவற்றை விடத் தன் காலில் அதிகம் நிற்கக்கூடியது, ஏனென்றால் காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரி மாகாணத்தின் வருமானம், காணி விற்பனையும் இங்கேதான் அதிகம். ஒரு கோடி ரூபாவுக்கு வீடு வாங்கினால் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் முத்திரை வரி. கணக்குப் பார்த்தால் 3,99,000 ரூபா. வெள்ளவத்தையில் ஒவ்வொரு தொடர்மாடி வீடு கைமாறும்போதும் இந்த வரி கட்டப்படுகிறது. கட்டியவர் அது எங்கே போய்ச் செலவானது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும், கேட்கவும் முடியும். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த ஆய்வுகளை யார் செய்கிறார்கள்? நம்பலாமா?

பழையவற்றில் ஒன்று மார்கா நிறுவகம், 1972 இல் தொடங்கியது. கொள்கைக் கற்கைகள் நிறுவகம் 1988 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சுதந்திர அவென்யூவில் இருக்கிறது, ஆண்டுதோறும் பொருளாதார நிலை அறிக்கை வெளியிடுகிறது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1996 இலிருந்து இயங்குகிறது. ‘மாற்றம்’ என்ற தமிழ்த் தளம் அதனுடையது. வறுமையைப் பற்றி வறுமை ஆராய்ச்சி நிலையம், வரவுசெலவைப் பற்றி வெரிட்டே ரிசேர்ச், சந்தைச் சார்பான பார்வையில் அட்வகாட்டா என்று வேறும் உண்டு.

நம்பலாமா என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது: ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார், எத்தனை பேரிடம் எந்த வருடம் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள். மூன்றாவது மிகவும் முக்கியம். சிங்களத்தில் மட்டும் கேட்கப்பட்ட கேள்விக்குக் கொச்சிக்கடையில் ஒரு பாட்டி "ஓம், ஓம்" என்று தலையாட்டியது ஆய்வுத் தரவு ஆகிவிடும். முடிவு பிடித்திருக்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள்.

என் மனக்குறை வேறு. முழு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன, தமிழில் வந்தால் நான்கு பக்கச் சுருக்கம் வரும். ஆய்வு செய்யப்பட்ட மக்கள் தங்களைப் பற்றி எழுதியதைத் தங்கள் மொழியில் படிக்க முடியாதென்றால், அதில் உள்ள பிழையை யார் திருத்துவது?

கொழும்பில் வறுமை 2.3 சதவீதம்தானாம். அப்படியா?

2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கண்ட எண் அது. அதே ஆய்வில் நாட்டின் சராசரி 14.3, பெருந்தோட்டத் துறையில் 33.8, முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5 சதவீதம். எண் பொய்யில்லை. ஆனால் அது 2022 நெருக்கடிக்கு முந்தியது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2024 இல் நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த எண் ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. பொது மலசலகூடத்துக்கு விடியற்காலை வரிசையில் நிற்பதை அது அளக்காது. நாற்பது வருடம் குடியிருந்தும் கையில் காணி உறுதி இல்லாததை அளக்காது. துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவர் வேலை கிடைத்த மாதத்தில் வறுமைக் கோட்டுக்கு மேலே, கிடைக்காத மாதத்தில் கீழே.

எங்கள் தோட்டத்தை உடைத்து மாடி வீடு கட்டப் போகிறார்களாம். இதில் கொள்கை என்று ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது, அது காலத்துக்குக் காலம் தலைகீழாக மாறியிருக்கிறது. 1973 இல் வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பு விதித்ததால், பல வாடகைக் குடியிருப்பாளர்கள் தாங்கள் இருந்த வீட்டுக்கே உரிமையாளர் ஆனார்கள். எண்பதுகளில் பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் மக்களை இருந்த இடத்திலேயே வைத்து, கடன் கொடுத்து, வீட்டைத் தாங்களே திருத்திக்கொள்ளச் சொன்னது. தோட்டத்து வடிகாலையும் பாதையையும் அங்குள்ள குடியிருப்பாளர் சங்கமே ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய காலம் அது. 2001 இல் வனாத்தமுல்லையில் சகஸ்புர கட்டடம் எழுந்தபோது வழி மாறியது. இனி உயர்ந்த மாடிக்கு மக்களை ஏற்றிவிட்டு, கீழே விடுபடும் நிலத்தை வணிகத்துக்குக் கொடுப்பது என்றானது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்த பின் அந்த வழி வேகமெடுத்தது.

மாடி வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனிக் குழாயும் தனிக் கழிப்பறையும் கிடைத்து நிம்மதியானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் இடியப்பம் அவித்து விற்ற ஒருவர் பத்தாவது மாடிக்குப் போனால் அந்தத் தொழில் அவரோடு ஏறி வராது. பழைய தோட்டத்தில் ஒரு காணித் துண்டில் அம்மா வீடு, மகள் வீடு, மருமகன் கடை என்று இருந்தது. கணக்கெடுப்பில் அது ஒரு குடும்பம், ஒரு மாடி வீடு. கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டில் இருங்கள். எத்தனை குடும்பம் என்று எழுதுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையொப்பம் இடுங்கள். எழுதியது சிங்களத்தில் என்றால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள், பிரதி கேளுங்கள். உறுதி எப்போது, மாதாமாதம் கட்ட வேண்டியது எவ்வளவு, மின்தூக்கிப் பராமரிப்பு யார் தலையில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் சாவியை வாங்காதீர்கள்.

கொழும்பில் தமிழில் எழுதிக் கேட்க உரிமை உண்டா, அல்லது அவர்கள் தயவா?

உரிமை. 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று ஆக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றி விரிவாக எழுதியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் நீங்கள் தமிழில் கடிதம் எழுதலாம், பதிலைத் தமிழில் பெறலாம். மீறினால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், எனவே ஒரு கதையோடு சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மகளுக்கு இரண்டு தவணையாகக் கணித ஆசிரியர் இல்லை என்று ஒரு தாய் வந்தார். மாகாணப் பாடசாலை. அதிபரிடம் போயிருக்கிறார், "மேலே எழுதியிருக்கிறோம்" என்ற பதில் மட்டும் கிடைத்தது. அவர் எழுதிக் கொண்டுவந்த கேள்வி: "ஏன் எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தராமல் இருக்கிறீர்கள்?" நியாயமான கோபம். ஆனால் "ஏன்" என்று கேட்டால் "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தின் கோப்பில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்க வேண்டும். இப்படி மாற்றி எழுதினோம்:

"இப்பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எவ்வளவு, பாடவாரியாகவும் மொழிமூலவாரியாகவும். தற்போது கடமையில் உள்ளோர் எத்தனை பேர். கணித ஆசிரியர் வெற்றிடம் குறித்துப் பாடசாலை அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வலயத்தில் தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் இடமாற்றங்களின் விபரம்."

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்கக் கூடாது. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு உயிருக்கோ தனிப்பட்ட சுதந்திரத்துக்கோ தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும்.

கையளித்ததற்கு ஏற்றுக்கொண்ட சீட்டை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மேன்முறையீட்டில் நாட்கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

அந்தத் தாய்க்குப் பதில் வந்தது சிங்களத்தில். தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் வேண்டும் என்று திருப்பி எழுதினோம். பிறகு வந்த ஒரு பக்கத் தாளில் தமிழ்மொழி மூலக் கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இரண்டு, கடமையில் உள்ளோர் பூச்சியம் என்று இருந்தது. அவர் அந்தப் பூச்சியத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அதைப் பிரதியெடுத்து மற்றப் பெற்றோரோடு அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனார்கள். அடுத்த தவணையில் ஒரு ஆசிரியர் வந்தார், இரண்டாவது இடம் இன்னும் காலி. கொள்கை ஆய்வு என்று பெரிய பெயர் வைத்தாலும் தொடக்கம் இந்த ஒரு பக்கத் தாள்தான்.

முடிவெடுத்த பின் அல்லாமல், முன்பே நம் கருத்தைச் சொல்ல இடம் உண்டா?

மின்கட்டணத்தில் உண்டு. கட்டணம் மாற முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்திலும் நேரிலும் கருத்துக் கேட்கும். 2025 ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு மறுத்தது, ஆகவே அது வெறும் சடங்கில்லை. மூன்று குடும்பம் ஒரு மானியில் இருக்கும் நிலையை அங்கே சொல்ல வேண்டியவர்கள் கொட்டாஞ்சேனைக்காரர்கள்தான்.

சட்டமூலம் என்றால் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஒரு வாரம் என்பது மிகக் குறைவு. வர்த்தமானியை முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது கடந்த பிறகுதான் தெரியவரும்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன், செயற்றிட்டம் செய்ய வேண்டும். எங்கே தொடங்க?

உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்து, தம்பி, தங்கச்சி. 2024 தொகைமதிப்பின்படி நாட்டில் 2 கோடி 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். உங்கள் பிரிவில் எத்தனை பேர், அதில் எத்தனை வீட்டுக்குச் சொந்தக் குழாய் என்று பாருங்கள். பிறகு பத்து வீடுகளுக்கு நடந்து போய் அந்த எண்ணைச் சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் எங்கே, ஏன் என்று எழுதுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேசைக்குக் கொண்டுவந்தால் சேர்ந்து வாசிக்கலாம்.